எட்டு மணிக்கு மேலே

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஜவுளிக் கடைக்குப் போகாதவர் நம்மில் யார்? வீட்டு வேலையை முடித்து, குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போய்ச் சேர எட்டு மணி ஆகிவிடுகிறது. "அந்த மயில்கழுத்துக் கலரை எடம்மா, மேல் தட்டில் இருக்கிறதே, அதையுந்தான்!" என்று இருபது புடைவைகளைப் பிரிக்கச் சொல்லிவிட்டு, ஒன்றும் பிடிக்காமல் எழுந்து வருகிறோம். (நானும் இதில் சேர்த்திதான்.) அவற்றையெல்லாம் மறுபடி மடித்து வைக்கும் பெண்ணுக்கு அந்த நேரத்துக்கு என்ன கூலி என்று என்றைக்காவது யோசித்ததுண்டா?

எங்கள் தெருவில் அப்படி ஒரு பெண் இருக்கிறாள். அவள் பெயரும் வேண்டாம், கடையின் பெயரும் வேண்டாம். காலை பதினொரு மணிக்குப் போனால் இரவு எட்டு மணி வரை வேலை. நடுவில் சாப்பாட்டுக்கு ஒரு மணி. பண்டிகைக் காலத்தில் பத்து மணி வரை நிற்க வேண்டும். பதினெட்டு நாள் அப்படி உழைத்ததற்கு ஒரு ஸ்வீட் பாக்கெட், ஒரு சேலை, ஐநூறு ரூபாய் கிடைத்ததாம். "முதலாளி நல்லவர் அக்கா, யாரையும் விடாமல் கொடுத்தார்!" என்று சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

நான் பென்சிலை எடுத்தேன். அவளுடைய தினக்கூலி 560 ரூபாய், மணிக்கு 70. தமிழ்நாட்டில் கடைகளுக்கென்றே உள்ள 1947-ஆம் வருஷத்துச் சட்டம், நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு கட்டியிருக்கிறது. அதற்கு மேல் வேலை வாங்கினால் கூலி இரண்டு மடங்கு. ஆக, மணிக்கு 140. முப்பத்தாறு மணிக்கு 5,040 ரூபாய்!

அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இனாம் வேறு, கூலி வேறு என்பதை அவளுக்கு யாரும் சொன்னதில்லை. தவிர, ஓவர்டைமையும் சேர்த்து வாரத்துக்கு 54 மணிக்கு மேல் போகக் கூடாது. அவள் அறுபது மணி நின்றிருக்கிறாள். 'நின்றிருக்கிறாள்' என்று சொல்வதும் தப்புதான். 2021-ல் இதே சட்டத்தைத் திருத்தி, சிப்பந்திகள் உட்கார ஆசனம் போட வேண்டும் என்று விதித்தாயிற்று. "ஸ்டூல் இருக்கு அக்கா, உட்காரத்தான் நேரமில்லை" என்றாள்.

ஆலையில் வேலை பார்ப்பவர்களுக்கும் இரட்டிப்புத்தான். 1948-ஆம் வருஷத்து ஆலைச் சட்டத்தில் இருந்தது. அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த புதுச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. தொழிலாளியின் சம்மதம் இல்லாமல் ஓவர்டைம் வாங்கக் கூடாது என்றும் அதில் உண்டு. 2020-ல், கொரோனாவைக் காரணம் காட்டி, கூடுதல் நேரத்துக்குச் சாதாரணக் கூலியே போதும் என்று குஜராத் அரசு ஆலைகளுக்குச் சலுகை கொடுத்தது. அக்டோபர் 1-ல் சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்து, இரட்டிப்பாகவே கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

"கேட்டால் வேலைக்கு வராதே என்பார்களே, அக்கா?" என்றாள். அந்தப் பயம் பொய்யல்ல; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இன்றைக்கே போய்ச் சண்டை போடு என்று யார் சொன்னார்கள்? புதிய ஊதியச் சட்டத்தில், பாக்கியைக் கேட்டு மனுச் செய்ய மூன்று வருஷம் அவகாசம் இருக்கிறது. தொழிற்சங்கமும் அவளுக்காக மனுச் செய்யலாம். கூலியைக் கொடுத்துவிட்டதாக நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியைச் சேர்ந்தது. ஆனால் எந்தத் தேதியில் எத்தனை மணி கூடுதலாக வேலை செய்தாள் என்ற குறிப்பு அவளிடம் இருந்தால்தானே பேச்சு எடுபடும்?

"உங்கள் வீட்டில் பால் கணக்கு எப்படி வைக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"அம்மா காலண்டரில் குறிப்பாள்."

போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். காலண்டரில் வழக்கம்போல் அரை லிட்டர், ஒரு லிட்டர். அதற்குக் கீழே சிவப்பு மையில், சின்ன எழுத்தில், '8 முதல் 10' என்று மூன்று கட்டங்களில் எழுதியிருந்தது.