வள்ளியின் கும்மிக்கு வேலியா?

கோவைக்கு வடக்கே காரமடை, கிழக்கே பல்லடம், அதற்கும் அப்பால் காங்கயம், பெருந்துறை என்று கொங்கு நாட்டின் எந்தப் பாதையில் மாலை வேளையில் சென்றாலும் இன்று ஒரு காட்சியைக் காணலாம். பொழுது சாய்ந்ததும் ஊர்ப் பொதுத்திடலில் விளக்கு எரிகிறது. ஆசிரியர் பாட்டெடுக்கிறார். முழவு ஒலிக்கிறது. ஒரே நிறச் சேலை உடுத்திய பெண்கள், பள்ளிச் சிறுமியர் முதல் பேரன் பேத்தி எடுத்த மூதாட்டியர் வரை, வட்டமிட்டு நின்று கைகொட்டி, அடிவைத்து ஆடுகின்றனர். ஆலையிலும் தறிக்கூடத்திலும் அடுப்படியிலும் நாளெல்லாம் உழைத்த உடல்கள் அவை. அந்த உடல்களில் களைப்பை மீறிக் களிப்புப் பொங்குவதைக் காண்கையில் நம் உள்ளமும் சேர்ந்து கைகொட்டுகிறது.

வள்ளி கும்மி மீண்டும் எழுந்து நிற்கிறது. வரவேற்கிறோம், வாழ்த்துகிறோம்.

மீண்டும் என்று நாம் சொல்வதற்குக் காரணமுண்டு. மாரியம்மன் நோம்பி சாட்டிய ஊர்களில் இரவு முழுதும் ஆடிய ஆட்டம் இது. பிறகு காலம் மாறிற்று. கோவையில் ஆலைச் சங்கு ஊதத் தொடங்கியது. இரவும் வேலை நேரமாயிற்று. அதே கோவையில் சென்ட்ரல் ஸ்டூடியோவும் பட்சிராஜாவும் படங்களை எடுத்துத் தள்ளின; 'மலைக்கள்ளன்' 1954இல் அங்கிருந்துதான் வந்தது. திரைப்பாட்டு ஒலிபெருக்கி ஏறி ஊர்த்திடலுக்கே வந்துவிட்டபோது, கும்மிப் பாட்டு கிழவர்களின் நினைவுக்குள் ஒதுங்கிக்கொண்டது. குற்றம் எவருடையதும் அன்று. பிழைப்பு மாறினால் பொழுதுபோக்கும் மாறும்.

அப்படி ஒதுங்கிய கலை எப்படிப் பிழைத்தது? கோவை மாவட்டத்தைச் சேர்ந்த பத்ரப்பன் அவர்களுக்கு 2024ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அப்போது அவருக்கு அகவை 87. வள்ளி ஒயில் கும்மியை வாழ்நாளெல்லாம் ஆடியவர், ஆட்டுவித்தவர் என்பதற்காக மட்டும் நாம் அவரைப் போற்றவில்லை. ஆண்களே ஆடிவந்த அந்த ஆட்டத்தைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர் என்பதற்காகவே போற்றுகிறோம். பெண் மேடையேறலாமா, ஊர் பார்க்க ஆடலாமா என்று முணுமுணுக்கிற வழக்கம் எந்த ஊரில் இல்லை? அதைக் கடந்து கதவு திறந்தது. திறந்த கதவின் வழியே வந்தவர்கள்தான் இன்று ஊர் ஊராக ஆடுகிறவர்கள். 2024இல் பெருந்துறையில் ஏறத்தாழ 16,000 பெண்கள் ஒரே வேளையில் ஆடி உலகச் சாதனை படைத்தனர் என்றால், அது அந்தக் கதவு திறந்ததன் விளைவு.

இந்த இடத்தில் கடல் கடந்த நாடு ஒன்றின் கதை நமக்குப் பாடமாகும். கியூபா! கரும்பும் புகையிலையும் விளைகிற அந்தச் சிறு தீவில் 'சோன்' என்று ஓர் ஆடலிசை உண்டு. ஸ்பெயினிலிருந்து குடியேறியவர் கொண்டுவந்த கிதாரும், அடிமைகளாய்க் கப்பலேற்றி வரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் முழவும் தீவின் கிழக்குப் பகுதியிலே ஒன்று கலந்து பிறந்த இசை அது. கிதாரை மதித்த சீமான்கள் முழவை இழிவென்றனர். கறுப்பரின் முழவுக்கு அதிகாரிகள் தடை விதித்த காலமும் உண்டு. ஆயினும் முழவில்லாமல் சோன் இல்லை என்பதை ஆடிய கால்கள் அறிந்திருந்தன. அந்த இசை நாட்டுக்கே உரியதாயிற்று.

பின்னர் அங்கும் புதிய மோகங்கள் வந்தன. பழைய பாடகர்கள் மறக்கப்பட்டனர். இனிய குரலுக்குரிய இப்ராகிம் பெரர் பிழைப்புக்காகக் காலணி துடைத்துக்கொண்டிருந்தார். 1996ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், ஹவானா நகரின் பழைய ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் இந்த முதியவர்களை ஒன்று கூட்டினர் ஹுவான் டி மார்க்கோஸ் கொன்சாலெஸ் என்ற கியூபக் கலைஞரும் ரை கூடர் என்ற அமெரிக்கக் கலைஞரும். அடுத்த ஆண்டு வெளிவந்த இசைத்தட்டு உலகத்தையே ஆட்டிவைத்தது. 2000ஆம் ஆண்டில், எழுபதைக் கடந்த பெரருக்குச் 'சிறந்த புதிய கலைஞர்' என்று லத்தீன் கிராமி விருது அளித்தனர்! அந்த இசைத்தட்டின் பெயர் 'புவேனா விஸ்தா சோஷியல் கிளப்'. வெள்ளையர் மன்றங்களில் கறுப்பருக்கு இடமில்லாத நாளில், ஹவானாவில் கறுப்பு மக்கள் தமக்கென அமைத்துக்கொண்ட மன்றத்தின் பெயர் அது. ஒதுக்கப்பட்டோரின் மன்றத்துப் பெயரைத் தாங்கித்தான் கியூபாவின் பழைய இசை உலகை வலம் வந்தது.

கியூபாவில் அப்படி, கொங்கு நாட்டில் எப்படி?

நெஞ்சில் முள்ளாய்த் தைக்கிற செய்தி ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். 2024 நாடாளுமன்றத் தேர்தல் வேளையில் பழைய காட்சிப் பதிவு ஒன்று நாடெங்கும் பரவிற்று. வள்ளி கும்மி நிகழ்ச்சியிலே, ஆட வந்த பெண்களைத் தம் சாதிக்குள்ளேயே மணம் முடிப்போம் என்று உறுதி கூறச் செய்த காட்சி அது. அதே தேர்தல் வேளையில் நாமக்கல் தொகுதிக்கு அறிவிக்கப்பட்டிருந்த வேட்பாளரும் மாற்றப்பட்டார். வேட்பாளர் மாறினார், உறுதிமொழி வாங்குகிற மனப்பான்மை மாறிற்றா?

ஆடியவர்கள் எந்தக் கதையை ஆடினார்கள் என்பதை அந்த மேடையில் எவரேனும் எண்ணிப் பார்த்தார்களா? வள்ளி யார்? வேடர் தலைவன் நம்பிராசன் வளர்த்த மகள். தினைப்புனம் காத்த மலைமகள். அவளைத் தேடி வந்தவன் வேடர் குலத்தவன் அல்லன். வேடனாய் வந்தான், விருத்தனாய் வந்தான், வேங்கை மரமாயும் நின்றான். அவள் சிரித்தாள், சினந்தாள், சோதித்தாள், பிறகுதான் மனம் இசைந்தாள். செய்தி தெரிந்ததும் தந்தையும் உறவினரும் படைக்கலம் எடுத்துத் துரத்தினர், போரிட்டு வீழ்ந்தனர். வள்ளி கலங்கினாள், வீழ்ந்தவர் எழுந்தனர். முடிவில் தந்தையே முன்னின்று மணமுடித்துக் கொடுத்தான். புராணத்தை வரலாறு என்று நாம் நம்புகிறவர்கள் அல்லர். ஆனால் ஒரு மக்கள் கூட்டம் எந்தக் கதையை விரும்பித் தலைமுறை தலைமுறையாய்ப் பாடுகிறதோ, அந்தக் கதையிலே அதன் உள்மனம் தெரியும். கொங்கு மக்கள் விரும்பிப் பாடியது, குலம் கடந்து தன் துணையைத் தானே தெரிந்துகொண்ட ஒரு பெண்ணின் கதை. அந்தப் பாட்டைப் பாடி முடித்த வாயால் சாதிக் கட்டுப்பாட்டு உறுதிமொழியா? இதைவிட வள்ளியை அவமதிக்க வேறு வழி உண்டா?

இது வெறும் சொற்போர் அன்று. 2016 மார்ச் 13ஆம் நாள், உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்தருகே, பட்டப்பகலில், சாதி கடந்து மணந்த இளைஞர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டதை நாடே கண்டது. மனைவியும் வெட்டுப்பட்டார். புராணத்திலே வீழ்ந்தவர் எழுவார்கள். உடுமலையில் வீழ்ந்தவர் எழவில்லை. மேடையில் வாங்குகிற உறுதிமொழி மேடையோடு நின்றுவிடுவதில்லை. வீட்டுக்கு வருகிறது; அண்ணன் தம்பியின் காதில் ஓதுகிறது; ஒரு நாள் அரிவாளாகிறது.

"எங்கள் ஆட்டத்தை எங்கள் பணத்தில், எங்கள் உழைப்பில் காத்தோம்; இதிலே மற்றவர்க்கு என்ன?" என்று கேட்போர் உண்டு. காத்தமைக்கு நன்றி, அந்த உழைப்பை நாம் சிறுமைப்படுத்தவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறோம். கொங்கு நாட்டுத் திடல்களில் துடும்பு முழங்காமல், பம்பையும் பறையும் அதிராமல் நோம்பி உண்டா, பெருஞ்சலங்கை ஆட்டம் உண்டா? அவற்றை அடித்துத் தந்த கைகள் பெரும்பாலும் எந்தத் தெருவிலிருந்து வந்தன? ஊர்க்கோடியிலிருந்து, சேரியிலிருந்து வந்தன. தாளம் அவர்களுடையது, ஆட்டம் மட்டும் நம்முடையது என்றால் அது என்ன கணக்கு? கியூபாவின் சீமான்கள் முழவை ஒதுக்கிக் கிதாரை மதித்த கணக்குத்தானே இது!

நல்ல அறிகுறிகள் இல்லாமலில்லை. சாவுக்கு மட்டுமே உரியது என்று ஒதுக்கப்பட்ட பறையை இன்று கோவையில் நிமிர்வு கலையகம் போன்ற குழுக்களிடம் இளைஞரும் இளம்பெண்களும் தலைநிமிர்ந்து கற்கின்றனர். 2025இல் மதுரை வட்டாரத்துப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசான் பத்மஸ்ரீ பெற்றார். கும்மிக்குக் கிடைத்த அதே விருது மறு ஆண்டே பறைக்கும் கிடைத்தது. விருதுப் பட்டியலில் அடுத்தடுத்து நிற்கிற கும்மியும் பறையும் ஊர்த்திடலில் அருகருகே நிற்கக் கூடாதா?

இந்த மண்ணுக்கு அது புதிதும் அன்று. 1925இல் 'குடி அரசு' பிறந்தது ஈரோட்டில். 1930இல் சுயமரியாதை மாநாடு கூடியதும் அதே ஈரோட்டில். சடங்கும் சாதியும் பாராத திருமணங்களுக்கு 1967இல் அண்ணாவின் ஆட்சி சட்ட ஏற்பு அளித்தபோது, அதன் வேர் கொங்கு மண்ணில்தான் இருந்தது. பாரதியும் பெண் விடுதலையைப் பாட எடுத்துக்கொண்ட வடிவம் கும்மிதான். கும்மி என்றாலே பெண் கைகோத்து எழுவது. பெண்ணைக் கட்டிப்போடுவது அன்று.

ஆகவே கும்மி நடத்தும் ஊர்ப் பெரியோரையும் அரசையும் நாம் வேண்டுவன சில. வள்ளி கும்மி மேடையில் எந்தச் சாதியின் பெயராலும் உறுதிமொழி வேண்டாம். ஆட வரும் பெண் எந்தத் தெருவிலிருந்து வருகிறாள் என்று கேட்க வேண்டாம். அடி தவறாமல் ஆடுகிறாளா என்று மட்டும் பார்த்தால் போதும். முழவிசைப்போரின் பெயரும் ஆசிரியர் பெயரோடு அழைப்பிதழில் அச்சாகட்டும். ஊதியமும் அதற்கேற்ப அமையட்டும். கொங்கு மாவட்டங்களின் அரசுப் பள்ளிகளில் இந்த ஆட்டத்தைக் கற்பிக்க அரசு முன்வரட்டும். அங்கேதான் எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். மூத்த ஆசிரியர்களின் நினைவிலுள்ள பாட்டுகளைப் பல்கலைக்கழகங்கள் இப்போதே பதிவு செய்யட்டும். நாளை என்றால் அந்தக் குரல் இராது.

பெண்ணுக்குக் கதவு திறந்ததால் பிழைத்த கலை இது. இன்னும் ஒரு கதவு மூடியிருக்கிறது. அதையும் திறந்துவிட்டால், அந்தத் திடலில் 16,000 என்ன, கொங்கு நாடே ஆடும்.

வள்ளி காத்தது தினைப்புனத்தை. அவள் பெயரால் சாதிக்கு வேலி கட்டாதீர்கள்!