யந்திரத்தின் கண் யார் மேல் இருக்க வேண்டும்?

தமிழ்நாடு சர்க்காரிடம் மின்னாளுமை முகமை என்று ஒரு ஸ்தாபனம் இருக்கிறது. எல்காட் இருக்கிறது. கிராமங்களுக்குக் கண்ணாடி இழைக் கம்பி போடுவதற்கென்று தனியாக ஒரு கழகமும் இருக்கிறது. ரேஷன் கடை மெஷின் முதல் சாதிச் சான்றிதழ் வரை, பட்டா முதல் முதியோர் பென்ஷன் வரை, ஏழை மக்களின் வாழ்வு இன்று கம்ப்யூட்டர் வழியாகத்தான் ஓடுகிறது. அப்படியானால் எந்த வேலைக்கு முதலில் யந்திரம் வைப்பது, எதற்குப் பிறகு வைப்பது என்று தீர்மானிப்பவர் யார்?

பெரும்பாலும் கோட்டையில் உட்கார்ந்திருக்கும் சில அதிகாரிகள். அவர்களுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்காருவது யந்திரம் விற்க வந்த கம்பெனிக்காரர்கள். ரேகை வைக்கிறவனுக்கும் வரிசையில் நிற்கிறவளுக்கும் அங்கே நாற்காலி கிடையாது.

"இது படித்தவர்கள் சமாச்சாரம், நமக்கென்ன?" என்று மில் தொழிலாளியோ நாற்று நடும் தாயோ இருந்துவிடக் கூடாது. ஆலையில் எந்த யந்திரம் வரும், ஓர் ஆள் எத்தனை தறி ஓட்டுவது என்பது முதலாளியின் சொந்த விஷயம் அல்ல என்று 1955இல் கான்பூர் ஜவுளித் தொழிலாளர்கள் சுமார் 80 நாள் வேலைநிறுத்தம் செய்து காட்டினார்கள். ஆலை யந்திரத்துக்கு எது நியாயமோ, அதுவே சர்க்கார் யந்திரத்துக்கும் நியாயம்.

நூறு நாள் வேலை சொன்ன பாடம்

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். 2005இல் இயற்றப்பட்ட ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் கீழ் நடந்த வேலைகளில், 2023 ஜனவரி 1 முதல் எல்லாத் தளங்களிலும் செல்போன் வழியாகத்தான் வருகைப் பதிவு என்று மத்திய சர்க்கார் கட்டாயமாக்கியது. தினம் இரண்டு முறை போட்டோ எடுத்து ஏற்ற வேண்டும். 2024 ஜனவரி 1 முதல் கூலிப் பட்டுவாடாவும் ஆதார் வழியாகத்தான் என்றார்கள். ஊழலை ஒழிக்கவே இத்தனையும் என்று சொன்னார்கள்.

நடந்தது என்ன? டவர் கிடைக்காத ஊரில் போட்டோ ஏறவில்லை. வேலை செய்தவளுக்கு அன்றைய கூலி போயிற்று. காலையில் மண் வெட்டி முடித்தவள், இரண்டாவது போட்டோவுக்காகப் பிற்பகல் வரை வெயிலில் காத்துக் கிடந்தாள். ஊழலாவது ஒழிந்ததா? 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. வேலைக்குச் சம்பந்தமில்லாத படங்களை ஏற்றுகிறார்கள், பழைய போட்டோவையே திரும்பப் போட்டோ எடுத்து ஏற்றுகிறார்கள் என்று அதிலே ஒப்புக்கொண்டது.

தில்லுமுல்லு செய்கிறவன் யந்திரத்தையும் ஏமாற்றக் கற்றுக்கொண்டான். நேர்மையாக மண் சுமந்தவளைத்தான் யந்திரம் சந்தேகக் கண்ணோடு பார்த்தது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டு வேறு சட்டம் கொண்டுவந்தது. அந்தப் புதிய சட்டத்திலும் ரேகை, செல்போன் மேற்பார்வை, செயற்கை அறிவு என்று அதே பல்லவிதான். பாடத்தைக் கற்றுக்கொள்ள அவர்களுக்கு விருப்பமில்லை.

விரல் தேய்ந்தது யாருடைய குற்றம்?

பீடி சுற்றுகிறவள், உப்பளத்தில் உழைக்கிறவன், செங்கல் அறுக்கிறவன், சிமெண்ட் கலக்கிறவன் ஆகியோரின் விரல் ரேகை தேய்ந்துபோகிறது. யந்திரம் அவனை "யாரோ" என்கிறது. உழைத்த உழைப்பே அவன் அடையாளத்தை அழித்துவிடுகிறது. உழைக்காத விரலோ யந்திரத்தில் பளிச்சென்று விழுகிறது.

இதை வெறும் சில்லரைத் தொல்லை என்று ஒதுக்க முடியாது. ஜார்க்கண்ட் மாநிலம் சிம்டேகா மாவட்டத்தில் 2017 செப்டம்பரில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாருடன் இணைக்கவில்லை என்று அந்தக் குடும்பத்தின் ரேஷன் கார்டு முன்பே ரத்து செய்யப்பட்டிருந்தது. குழந்தை பசியால் இறந்தாள் என்றாள் தாய். நோயால் இறந்தாள் என்றது சர்க்கார். எப்படியிருந்தாலும் அந்த வீட்டில் அரிசி இல்லை. கார்டை வெட்டிய கணக்கில் மட்டும் ஒரு "போலி" குறைந்திருந்தது.

தமிழ்நாட்டில் எல்லோருக்கும் ரேஷன் உண்டு. இரண்டு கோடிக்கு மேல் குடும்ப அட்டைகள் இருக்கின்றன. மக்கள் போராடிக் காத்த உரிமை இது. ரேகை விழாவிட்டால் மாற்று வழி உண்டு என்று அதிகாரிகள் சொல்வார்கள். ஆனால் மாற்று வழி விற்பனையாளரின் தயவில் இருந்தால் அதை உரிமை என்று சொல்வதற்கில்லை. "சர்வர் இல்லை, நாளைக்கு வா" என்று திருப்பி அனுப்பினால், மறுநாள் வருவதற்கு ஒரு நாள் கூலியை அவள் இழக்க வேண்டும். அந்தக் கூலி எந்தக் கம்ப்யூட்டர் கணக்கிலும் ஏறுவதில்லை.

நாம் யந்திரத்தின் எதிரிகளா?

கம்யூனிஸ்டுகள் கம்ப்யூட்டருக்கு விரோதிகள் என்று பிரசாரம் செய்கிறவர்கள் உண்டு. சிலி நாட்டின் கதையை அவர்களுக்குச் சொல்லுவோம். சோஷலிஸ்ட் ஜனாதிபதி அயெந்தேயின் சர்க்கார் 1971இல், பொதுவுடைமையாக்கிய ஆலைகளை இணைக்கும் ஒரு திட்டத்தைத் தொடங்கிற்று. அதன் பெயர் சைபர்சின். ஆலைகளை டெலக்ஸ் யந்திரங்களால் இணைத்து, உற்பத்திக் கணக்கைத் தலைநகரில் கம்ப்யூட்டரில் போட்டார்கள். 1972 அக்டோபரில் லாரி முதலாளிகள் வண்டிகளை நிறுத்தி நாட்டைப் பட்டினி போடப் பார்த்தபோது, அந்த டெலக்ஸ் வலைதான் இருந்த லாரிகளைக் கொண்டு உணவும் மூலப்பொருளும் போய்ச்சேர உதவிற்று. 1973 செப்டம்பர் 11 அன்று ராணுவச் சதி அந்த சர்க்காரோடு அத்திட்டத்தையும் ஒழித்தது. யந்திரம் மக்கள் பக்கம் நிற்க முடியும். எந்த வர்க்கத்தின் கையில் சாவி இருக்கிறது என்பதே கேள்வி.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். ராஜஸ்தானில் மஸ்தூர் கிஸான் சக்தி சங்கடன் என்ற உழைப்பாளிகளின் அமைப்பு, சர்க்காரின் கம்ப்யூட்டர் துறை அதிகாரிகளை ஒரே மேசையில் உட்காரவைத்துப் பேசியது. எந்த ரேஷன் கடைக்கு எவ்வளவு தானியம் வந்தது, எந்த ஊராட்சியில் யாருக்கு என்ன சேர வேண்டும் என்ற விவரங்களை யாரும் மனுப் போடாமலே பார்க்க வேண்டும் என்றது. அதன் பலனாக 2019 செப்டம்பர் 13 அன்று ஜன் சூச்னா என்ற பொதுத் தகவல் தளம் திறக்கப்பட்டது. அங்கே யந்திரத்தின் கண் ஏழையிடமிருந்து சர்க்காரின் பக்கம் திரும்பிற்று. ராஜஸ்தானில் முடிந்தது தமிழ்நாட்டில் ஏன் முடியாது?

எது முதலில்?

மின்னாளுமை முகமையின் வேலைத் திட்டத்தில் எது முதலில் வர வேண்டும் என்பதற்கு நம்மிடம் ஓர் எளிய அளவுகோல் இருக்கிறது. இந்த யந்திரம் பழுதானால் யாருடைய அடுப்பு அணையும்? அந்த அடுப்பைக் காப்பதே முதல் வேலை. நகரத்துப் பணக்காரருக்கு நாலு நாள் முன்னதாக லைசென்ஸ் கிடைப்பது பிறகு வரட்டும்.

முதலாவது: ரேகை விழாவிட்டாலும், சர்வர் படுத்தாலும் ரேஷனும் பென்ஷனும் நிற்கக் கூடாது. கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்க வேண்டும். மறுத்தால், தேதியும் காரணமும் அச்சிட்ட சீட்டை அந்த மெஷினே தர வேண்டும். கையில் சீட்டு இருந்தால்தான் மேலே போய்க் கேட்க முடியும்.

இரண்டாவது: முதலாளியின் கணக்கை மேற்பார்க்க யந்திரம் வைக்க வேண்டும். மில் தொழிலாளியின் கூலியில் பி.எப்.புக்கு 12 சதம், இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதம் பிடிக்கிறார்கள். பிடித்ததை முதலாளி கட்டினானா, தன் பங்கைச் சேர்த்தானா? மாதா மாதம் ஆலைவாரியாக அதைக் கேட் போர்டில் தமிழில் போட ஒரு கம்ப்யூட்டருக்கு எத்தனை நிமிஷம் பிடிக்கும்? இது மத்திய சர்க்கார் விஷயம் என்று கைகழுவ வேண்டாம். கணக்கைக் கேட்டு வாங்கி, மாநிலத்தின் தொழிற்சாலை ஆய்வு ஏடுகளோடு ஒத்துப்பார்க்கலாம். 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளோ, எந்த ஆலைக்கு ஆய்வுக்குப் போவது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட இடம் தருகின்றன. தொழிலாளியைத் தினம் இரண்டு முறை போட்டோ எடுக்கிற நாட்டில், முதலாளிக்கு மட்டும் குலுக்கல் சீட்டா?

மூன்றாவது: பெயர்க் குளறுபடிக்கு முடிவு வேண்டும். நம் ஊரில் தகப்பன் பெயரின் முதலெழுத்து சிலருக்கு முன்னே, சிலருக்குப் பின்னே. ஆதாரில் ஒரு விதம், பி.எப். ஏட்டில் வேறு விதம். இங்கிலீஷில் ஓர் எழுத்து மாறினால் முப்பது வருஷ உழைப்பின் பணம் முடங்குகிறது. தமிழ்ப் பெயரைத் தமிழில் படித்து ஒப்பிடும் முறையை உண்டாக்குவது, செயற்கை அறிவு பற்றி மாநாடு கூட்டுவதைவிட அவசரமான வேலை.

நான்காவது: கம்பியும் மென்பொருளும் மக்கள் தகவலும் பொதுச் சொத்தாக இருக்க வேண்டும். கேரளத்தில் அன்றைய இடது ஜனநாயக முன்னணி சர்க்கார் 2023 ஜூன் 5 அன்று கே-போன் என்னும் பொது இணைய வலையைத் திறந்தது. 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பது அதன் இலக்கு. இங்கும் 12,525 ஊராட்சிகளுக்குக் கம்பி கொண்டுபோகத் திட்டம் போட்டார்கள். அந்தக் கம்பி தனியார் கம்பெனியின் லாபத்துக்குப் போகாமல், ஊராட்சி அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் ரேஷன் கடைக்கும் முதலில் போய்ச் சேர வேண்டும்.

ஐந்தாவது: முகம் பிடிக்கும் யந்திரங்களுக்குப் பணத்தைக் கொட்டுவதை நிறுத்த வேண்டும். 2024 மே மாதத்தில் தமிழ்நாடு போலீசின் முகம் கண்டறியும் தளத்துக்குள்ளேயே திருடர்கள் புகுந்து தகவலை எடுத்த செய்தி வெளியாயிற்று. பூட்டத் தெரியாத பெட்டியில் ஊரார் முகங்களை எதற்காகச் சேர்ப்பது?

நாற்காலி கேட்போம்

இவை யாவும் தானாக நடக்காது. தொழிற்சங்கங்கள், விவசாயத் தொழிலாளர் சங்கம், மாதர் சங்கம், மாற்றுத் திறனாளிகள் சங்கம் ஆகியவற்றின் பிரதிநிதிகள் உட்கார்ந்த ஒரு குழுவின் முன்னால் அந்த முகமை தன் திட்டத்தை வைக்க வேண்டும். புதிய யந்திரம் ஒவ்வொன்றையும் ஊர் முழுக்கப் போடுமுன் சில கிராமங்களில் வைத்துப் பார்த்து, எத்தனை பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள் என்ற கணக்கைக் கிராம சபையில் படிக்க வேண்டும்.

தோழர்கள் இன்றே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. உங்கள் ஊர்க் கடையிலும் இ-சேவை மையத்திலும் இந்த மாதம் எத்தனை பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள், எத்தனை நாள் கூலி போயிற்று என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். சங்கக் கிளை அதைத் தொகுத்துக் கலெக்டரிடம் கொடுக்கட்டும். கிராம சபையில் தீர்மானமாக்கட்டும். சர்க்காரின் கம்ப்யூட்டரில் ஏறாத அந்தக் கணக்குத்தான் நம்முடைய ஆயுதம்.