பற்றாசும் ஒரு பாடமே

இயற்பியலில் நல்ல மதிப்பெண் பெற்றுக் கல்லூரிக்கு வருபவர்களுக்கு ஆண்டுதோறும் நான் ஒரு சோதனை வைப்பதுண்டு. ஒரு மின்தடையையும் செப்புக் கம்பியையும் கொடுத்து, சால்டரிங் செய்து இணைக்கச் சொல்வேன். பெரும்பாலோர் சால்டரிங் அயனின் நுனியில் பற்றாசை உருக்கி, அதைக் கம்பியின்மேல் சொட்ட விடுகின்றனர். ஒட்டிக்கொண்டது போலத்தான் தோன்றும். சற்றே இழுத்தால் கையோடு வந்துவிடும்.

காரணம் என்ன? பற்றாசு வெறும் பசை அன்று. உருகிய பற்றாசு செம்பை நனைத்துப் பரவவேண்டும். அதிலுள்ள வெள்ளீயமும் செம்பும் வினைபுரிந்து, இடையில் மெல்லிய சேர்மப் படலம் உண்டாகவேண்டும். அதற்குக் கம்பியே சூடேறியிருக்க வேண்டும். செம்பின் மேலுள்ள ஆக்சைடும் நீங்கவேண்டும். அதை நீக்குவதற்கே பைன் மரப் பிசினாலான இளக்கியைச் சேர்க்கிறோம்.

இன்னொரு விந்தை! வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலும், காரீயம் 327 டிகிரியிலும் உருகும். இரண்டையும் 63-க்கு 37 என்ற எடை விகிதத்தில் கலந்தாலோ 183 டிகிரியிலேயே உருகிவிடும். இதைப் படித்து அறிவதைவிடக் கண்ணால் காண்பது நன்றல்லவா?

தவறு மாணவர்களுடையதன்று. 'அது மெக்கானிக் வேலை' என்று நாம்தான் ஒதுக்கிவிட்டோம். எங்கள் சூலூரை அடுத்த கலங்கலில் 1893-இல் பிறந்த ஜி. டி. நாயுடு, பள்ளிப் படிப்பை நடுவில் விட்டவர். ஒரு மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டி எந்திரம் கற்றவர். ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாயில் செய்யமுடியும் என்று 1941-இல் அறிவித்தார். அக்காலத்து வானொலிப் பெட்டிகளின் உள்ளிணைப்புகள் கையால் பற்றவைக்கப்பட்டவை. கையின் அறிவை அவர் தாழ்வாக எண்ணவில்லை.

சூடு படுமே, காரீயம் நஞ்சாயிற்றே என்று ஆசிரியர்கள் அஞ்சுவது நியாயமே. மின்னணுக் கருவிகளில் காரீயத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2006 முதல் கட்டுப்பாடு விதித்துள்ளது. வெள்ளீயம், வெள்ளி, செம்பு கலந்த பற்றாசு இன்று கிடைக்கிறது. அது உருக ஏறத்தாழ 217 டிகிரி வேண்டும். சன்னலைத் திறந்துவைத்து, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, ஆசிரியர் அருகிலிருக்கச் செய்யலாம். முடிந்ததும் கைகளைக் கழுவவேண்டும்.

ஒவ்வொரு பள்ளி ஆய்வகத்திலும் நான்கு சால்டரிங் அயன்களாவது இருக்கட்டும். ஒரு சிறு மின்சுற்றையேனும் தானே பற்றவைத்துப் பார்க்காமல் எந்த மாணவரும் பள்ளியை விட்டுச் செல்லக்கூடாது என்பதே என் கருத்து. விளக்கு எரியாவிட்டால் எந்த இணைப்பு தவறு என்று அவரே தேடட்டும். அந்தத் தேடலே இயற்பியலின் தொடக்கம்.