செவிலிக்கு என்ன கூலி?

"மாதம் எவ்வளவு கேட்கிறாள்?"

குழந்தை பிறந்த வீட்டிலே, தொட்டில் கட்டிய கயிற்றின் புதுமை மாறுமுன்னே எழுகின்ற கேள்வி இது. தாய் வேலைக்குத் திரும்பவேண்டும், தந்தைக்கு நேரமில்லை, பாட்டி ஊரிலே இருக்கிறாள். ஆகவே, வீட்டோடு தங்கிக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆயா தேவைப்படுகிறாள். ஆள் அனுப்பும் அலுவலகத்துக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். அறிந்தவர் தெரிந்தவரிடமெல்லாம் விசாரிக்கிறார்கள். "எவ்வளவு கேட்கிறாள்?" என்று கேட்கும் வீடுகள் ஏராளம், தோழர்களே! "எவ்வளவு கொடுப்பது முறை?" என்று கேட்கும் வீடுகள் எத்தனை?

சென்னை நகரிலே இன்று 15,000 ரூபாய் என்பார் ஒருவர். 20,000 என்பார் மற்றொருவர். கைக்குழந்தை என்றால் 25,000-க்குக் குறைந்து ஆள் கிடையாது என்பார் இன்னொருவர். கேட்டவுடன் புருவம் உயர்கிறது. "அடேயப்பா! சாப்பாடும் போட்டு, தங்க இடமும் தந்து, அதற்கும் மேலே 15,000 ரூபாயா?" என்று அங்கலாய்ப்பு பிறக்கிறது. அந்த அங்கலாய்ப்பிலே நியாயம் உண்டா இல்லையா என்பதை ஆத்திரத்தால் அல்ல, அரிச்சுவடிக் கணக்கால் பார்ப்போம்.

2018-ஆம் ஆண்டு தமிழ்நாட்டரசு வீட்டு வேலை செய்வோருக்குக் குறைந்தபட்சக் கூலியை நிர்ணயித்தது. மணிக்கு 37 ரூபாயிலிருந்து 39 ரூபாய் வரை. அதிலே அடிமட்டத் தொகையான 37 ரூபாயையே எடுத்துக்கொள்வோம். வீட்டோடு தங்கும் ஆயா விடியற்காலை 5 மணிக்கு எழுகிறாள். இரவு 10 மணிக்குத் தலை சாய்க்கிறாள். 17 மணி நேரம். உண்ண, உடுக்க, சற்றே ஓய்ந்து உட்கார என்று தாராளமாக 3 மணியைக் கழித்துவிடுங்கள்; மிச்சம் 14 மணி நேரம். வார விடுமுறை தருவதில்லையாகையால் மாதத்துக்கு 30 நாள். ஆக 420 மணி நேரம். மணிக்கு 37 ரூபாய் வீதம் பெருக்கினால் 15,540 ரூபாய்!

புருவத்தை உயர்த்திய அந்த 15,000 ரூபாய், 2018-லே வகுத்த அடிமட்டக் கூலிக்கும் 540 ரூபாய் குறைவு! அன்று விற்ற அரிசி விலையும் எண்ணெய் விலையும் இன்று எங்கே நிற்கின்றன என்பதைக் கடைத்தெருவுக்குப் போகும் எவரும் அறிவர்.

கணக்கு இன்னும் முடியவில்லை. ஆலையிலே பாடுபடும் தொழிலாளிக்கு வரம்பு கடந்த நேரத்துக்கு இருமடங்கு கூலி உண்டு. அந்த நியாயத்தை ஆயாவுக்கும் வழங்கினால் என்ன ஆகும்? முதல் 8 மணிக்கு மாதம் 8,880 ரூபாய். மிகையான 6 மணிக்கு 13,320 ரூபாய். கூட்டினால் 22,200 ரூபாய். நள்ளிரவில் குழந்தை வீறிட்டழும்போது எழுந்து, தோளிலே போட்டுத் தட்டிக்கொண்டு, கூடத்திலே நடக்கிறாளே, அந்த நேரத்தை நான் இதிலே சேர்க்கவேயில்லை!

"சாப்பாடு போடுகிறோமே, இடம் தருகிறோமே" என்கிறார்கள். கேட்கிறேன்: அவள் அங்கே தங்குவது அவள் தேவைக்காகவா, உங்கள் தேவைக்காகவா? நடுக்கடலிலே கப்பலோட்டும் மாலுமிக்குக் கப்பலிலேயே படுக்கை, கப்பலிலேயே உணவு. அதற்காக அவன் சம்பளத்தைக் குறைப்பாருண்டோ? வேலையின் தன்மை அவனை அங்கே இருத்துகிறது. ஆயாவையும் அப்படித்தான்!

ஹாங்காங் நகரைப் பாருங்கள். பிலிப்பைன்சிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்து வீட்டோடு தங்கிப் பணிபுரியும் பெண்களுக்கு அங்கே அரசு குறைந்தபட்ச ஊதியத்தை அறிவிக்கிறது. 2024-லே அது மாதம் 4,990 ஹாங்காங் டாலர். இலவச உணவு தரவேண்டும். தராவிட்டால் உணவுப்படியாக 1,236 டாலர் தனியே தரவேண்டும். உணவு ஊதியத்துக்கு மேலே வைக்கப்படுகிறதே அன்றி ஊதியத்திலிருந்து வெட்டப்படுவதில்லை. வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு அங்கே சட்டம். ஹாங்காங் குறையற்ற கோட்டம் என்று கூறவில்லை. முதலாளி வீட்டிலேதான் தங்கியாக வேண்டும் என்று 2003-லிருந்து அங்கே விதித்திருப்பது கொடுமையே. ஆயினும் உழைப்புக்குக் கணக்கு வேறு, உணவுக்குக் கணக்கு வேறு என்ற தெளிவு அங்கே இருக்கிறது; இங்கே எங்கே?

இங்கே இருப்பதெல்லாம் ஒரு வசனம். நாடக மேடைக்கு எழுதுகிறவன் என்ற முறையில் வசனத்தின் வலிமையை நானறிவேன்.

"ஆயாம்மா, நீங்க எங்க வீட்டிலே ஒருத்தி மாதிரி!"

"ரொம்ப சந்தோஷம் அம்மா. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் என் பொண்ணைப் பார்த்துட்டு வரட்டுமா?"

"ஐயோ! நீங்க போயிட்டா குழந்தையை யார் பார்க்கிறது?"

திரை விழுகிறது! வீட்டிலே ஒருத்தியென்றால் விருந்து நாளிலே உடனமர்ந்து உண்கிறாளா? அவளுக்கென்று தனித் தட்டும் தனித் தம்ளரும் ஏன்? அடுக்களைத் தரையிலே அவள் பாயை விரிப்பானேன்? சம்பளம் கேட்கும்போது உறவு. சமமாக உட்காரும்போது வேலைக்காரி! புகழ்ச்சியைக் கொடுத்துக் கூலியைப் பிடித்துக்கொள்ளும் இந்தத் தந்திரத்துக்கு அன்பு என்று பெயர் சூட்டுவது, அன்பு என்ற சொல்லுக்கே இழுக்கு.

நம்முடைய பழந்தமிழகத்திலே செவிலிக்கு இருந்த இடத்தை எண்ணிப் பாருங்கள். அக இலக்கியத்திலே நற்றாய்க்கு நிகராக நின்று பேசுபவள் செவிலி. தலைவியின் உயிர்த்தோழி யார்? அந்தச் செவிலியின் மகளே என்கிறது தொல்காப்பியம். கண்ணகிக்கு நேர்ந்த கொடுமை கேட்டுத் துடித்து வஞ்சி வரை நடந்தவர்களிலே அவளுடைய செவிலியும், செவிலியின் மகளும் இருந்தார்கள் என்று சிலம்பு காட்டுகிறது. செவிலி வளர்த்த மகளும், செவிலி பெற்ற மகளும் ஒன்றாகவே வளர்ந்தார்கள்!

இன்றோ? செவிலி நகரத்திலே, அவள் பெற்ற மகள் சிற்றூரிலே. பிறர் குழந்தைக்குத் தாலாட்டு. தன் குழந்தைக்குத் தொலைபேசியிலே நான்கு வார்த்தை. ஊதியத்தைப் பேசுகிற நேரத்திலே, அந்தச் சிற்றூர்ச் சிறுமியின் பிரிவுக்கு யார் விலை போடுவது?

"எங்கள் கையிலே மட்டும் கொட்டிக் கிடக்கிறதா?" என்று வேலைக்குப் போகும் இளந்தாய் கேட்கலாம். அந்தக் கேள்வியிலே உண்மை உண்டு. ஆசிரியையாக, அலுவலக எழுத்தராக, கணினித் துறை ஊழியராகப் பணிபுரிபவள் தன் சம்பளத்தில் பாதியை ஆயாவிடம் கொடுத்துவிட்டுத் திகைத்து நிற்கிறாள். அவளை நான் கூண்டிலேற்றவில்லை. 2017-லே மகப்பேறு விடுப்பை 26 வாரமாக உயர்த்தினார்கள். 50 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் இடங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றும் விதித்தார்கள். அந்தக் காப்பகம் உங்கள் அலுவலகத்திலே எங்கே இருக்கிறது என்று இளந்தாய் தன் முதலாளியைக் கேட்கட்டும்! முதலாளி சுமக்கவேண்டிய பாரத்தை ஆயாவின் முதுகிலே இறக்கிவைப்பது நியாயமாகாது. ஓர் ஏழைப் பெண்ணின் உரிமையைச் சுரண்டித்தான் இன்னொரு பெண் வேலைக்குப் போகமுடியும் என்றால், அது பெண் விடுதலையின் பாதியே தவிர முழுமையன்று. அந்த 26 வாரத்திலே ஒரு வாரமேனும் ஆயா கருவுற்றபோது அவளுக்குக் கிடைக்கிறதா?

சட்டம் அறவே உறங்கிவிடவில்லை. 2007-லே தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர் நல வாரியம் அமைந்தது. 2011-லே பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 189-ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது: வாரத்துக்குத் தொடர்ந்து 24 மணி நேர ஓய்வு வேண்டும், அழைத்தால் வரக் காத்திருக்கும் நேரமும் வேலை நேரமாக எண்ணத்தக்கது என்றெல்லாம் அதிலே பொறித்தார்கள். இந்தியா அதற்கு ஆதரவாக வாக்களித்தது. ஏற்று ஒப்புதல் அளிக்கவோ இன்றுவரை கை வரவில்லை. உருகுவே ஏற்றது, பிலிப்பைன்ஸ் ஏற்றது. 2025 ஜனவரியிலே உச்ச நீதிமன்றம், வீட்டுப் பணியாளருக்குச் சட்டம் வகுப்பது பற்றி ஆராயக் குழு அமைக்கும்படி ஒன்றிய அரசுக்குச் சொல்லவேண்டி வந்தது. கையைத் தூக்கி வாக்களித்துவிட்டுக் கையெழுத்திட மறுப்பது கண்ணியமா?

அரசு அசையட்டும் என்று காத்திராமல் நாம் செய்யக்கூடியவை உண்டு. நம் தோழர் வீடுகளிலிருந்தே தொடங்குவோம். ஆயாவை அமர்த்தும்போதே வேலை நேரம், ஊதியம், விடுப்பு மூன்றையும் தாளிலே எழுதி, அவளுக்குப் படித்துக் காட்டுங்கள். வாரத்துக்கு ஒரு நாளை அவளுக்கே விடுங்கள். உணவைக் கூலியிலே கழிக்காதீர்கள். எட்டு மணிக்கு மேற்பட்ட நேரத்தைத் தனியே எண்ணிக் கொடுங்கள். நல வாரியத்திலே அவள் பெயரைப் பதிவுசெய்ய உடன் சென்று உதவுங்கள். தனித் தம்ளரை இன்றே தூக்கி எறியுங்கள்!

மேடையிலே சமத்துவம் முழங்கும் நாவுக்கு, அதன் வீட்டு அடுக்களையே முதல் சாட்சி. "தோழர் நன்றாகப் பேசுகிறார்" என்று ஊர் சொல்லும். "பேசியபடி நடக்கிறார்" என்று சொல்லவேண்டியவள் அந்த வீட்டு ஆயா. அவள் சொல்லட்டும், பிறகு நாம் ஊருக்குச் சொல்வோம்!