நொதுமற் கம்பி

நொதுமல் என்பது பழந்தமிழ்ச் சொல். பகையும் நட்பும் அல்லாத அயன்மையை அஃது உணர்த்தும். நடுவுநிலைமைக்கு உரை கூறப்புகுந்த பரிமேலழகர், பகை நட்பு என்பவற்றோடு நொதுமலையும் சேர்த்தெண்ணினார். எமது நாட்டு விஞ்ஞான நூலார், மின்சாரத்தின் மூன்று அவத்தைக் கம்பிகளுக்கும் பொதுவாய நான்காம் கம்பிக்கு இச்சொல்லை வழங்கினர். பெயர் பொருத்தமானதே. ஆயினும், அயலான் எனப்பட்டமையால் அக்கம்பிக்குத் தொழிலில்லை என்பாரும், மெல்லிய கம்பியே அதற்குப் போதும் என்பாரும் உளர். அக்கொள்கை இக்காலத்துக்கு ஏலாது என்பதே எம் கருத்து.

மூன்று அவத்தைகளிலும் மின்னோட்டம் ஒன்றன்பின் ஒன்றாக உச்சியடைகின்றது. இழை விளக்குகளை மூன்றிலும் ஒப்ப இணைப்பின், ஓட்டங்கள் ஒன்றையொன்று ஈடுசெய்ய, நொதுமலில் எஞ்சுவது யாதுமில்லை. மூன்றும் 20 அம்பியர் கொள்ளுமிடத்து ஒன்றை நிறுத்தினால், நொதுமலில் 20 அம்பியர் ஓடும். பழைய கணக்கு இவ்வளவே.

கணினியும் எல்.ஈ.டி. விளக்கும் வந்தபின் கணக்கு வேறாயிற்று. இவற்றுட் பல, மின்னழுத்தம் உச்சியை அண்மிக்கும்போது மட்டுமே ஓட்டத்தைத் துடிப்பாக இழுப்பன. அவ்வோட்டத்தில், செக்கனுக்கு 50 முறை அலையும் அடிப்படை அலையோடு, 150 முறை அலையும் மூன்றாம் இசையமும் கலந்திருக்கும். ஓர் அவத்தைக்கும் அடுத்ததற்கும் இடையேயுள்ள காலம் இவ்விசையத்தின் ஒரு முழு அலைக்குச் சரியாதலின், மூன்று அவத்தைகளின் இசையங்களும் நொதுமலில் ஈடாகாது கூடிவிடும். அவத்தைக்கு 4 அம்பியர் எனின் நொதுமலில் 12. மொத்த ஓட்டம் அவத்தையோட்டத்தின் 1.73 மடங்குவரை உயரலாம். சுமையை எத்துணை ஒப்பப் பங்கிடினும் இது தீராது. அவத்தையில் மட்டும் வைத்த சுற்றுடைப்பான் இதனை அறியாது, நொதுமல் சூடேறும். சூட்டினால் இணைப்பு அறுமாயின், 230 வோல்ற்றுக்குரிய கருவிகள் இரண்டு அவத்தைகளுக்கு இடைப்பட்ட 400 வோல்ற்றைச் சமனின்றிப் பங்கிட்டுக்கொள்ள, அவற்றுட் சில மிகையழுத்தத்தால் எரிந்துபோம்.

பழைய மாணவர் தாய்க்கல்லூரிக்குக் கணினிகள் வழங்குவது போற்றற்குரியது. ஆனால், விசிறிக்கும் விளக்குக்குமென இழுத்த பழங்கம்பியில் அவற்றை ஆராயாது இணைத்தல் தகாது. தகுதிபெற்ற மின்னியலாளரைக்கொண்டு முன்னரே நொதுமலின் பருமனைப் பார்ப்பித்து, இணைத்தபின் அதன் ஓட்டத்தை அளப்பித்து, வேண்டுமிடத்துத் தடித்த கம்பி இடுவித்தல் வேண்டும். கம்பி கொடுத்தவர் பெயரைக் கல்லிற் பொறிப்பாரில்லை. எனினும், கொடைக்கு ஒதுக்கும் பணத்தில் அதற்கும் ஒரு பங்கு வைத்தல் கடனாம். அக்கூடத்தில் அமர்ந்து கற்கப்போவோர் எம் பிள்ளைகளே.