சி டிரைவ் நம்முடையது அல்ல

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. அதிலிருந்து எங்கள் தெருமுனை சர்வீஸ் கடையில் மடிக்கணினிகள் அடுக்கடுக்காக வந்து சேருகின்றன. கடைக்காரர் எல்லோரிடமும் கேட்பது ஒரே கேள்விதான். “சி டிரைவுல ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா சார்? டி, இ-ய நான் தொடமாட்டேன்.” அன்று எனக்கு முன்னால் நின்றிருந்தவர் சட்டென்று சொன்னார்: “இல்லப்பா, அதுல விண்டோஸ் மட்டும்தான். என்னோடதெல்லாம் டெஸ்க்டாப்புல இருக்கு.”

டெஸ்க்டாப் இருப்பது சி டிரைவில்தான். சி-க்குள் யூசர்ஸ் என்றொரு ஃபோல்டர், அதற்குள் நம் பெயரில் இன்னொன்று, அதற்குள்தான் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ் எல்லாம் இருக்கின்றன. திரையை ஆன் செய்ததும் கண்ணில் படுவதால் அது எங்கோ தனியாக இருப்பதுபோலத் தோன்றுகிறது. அந்தக் கடைக்காரர் நிதானமானவர். திறந்து பார்த்து, எல்லாவற்றையும் எடுத்து வைத்த பிறகே ஃபார்மேட் செய்தார். எல்லாக் கடையிலும் இது நடக்கும் என்று சொல்ல முடியாது.

வீட்டுக் கணினியில் இரண்டு பார்ட்டிஷனாவது இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சி, விண்டோஸுக்கும் புரோகிராம்களுக்கும். மற்றது நாம் உருவாக்கியவற்றுக்கு. எஸ்எஸ்டி வந்த பிறகு இதெல்லாம் பழைய பழக்கம் என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். பழைய காரணங்கள் காலாவதியாகிவிட்டன என்பது உண்மைதான். ஏ, பி இரண்டும் ஃபிளாப்பிக்குப் போனதால் ஹார்டு டிஸ்க்குக்கு சி கிடைத்தது. 1983-இல் வந்த ஐபிஎம் பிசி எக்ஸ்டி-யில் மொத்த ஹார்டு டிஸ்க்கே 10 எம்பி. பிறகு டிஸ்க் பெருத்தபோது, அன்றைய ஃபேட்16 முறை ஒரு பார்ட்டிஷனுக்கு 2 ஜிபிக்கு மேல் இடம் தரவில்லை. அந்த 2 ஜிபியிலும் இடத்தை 32 கேபி துண்டுகளாகத்தான் ஒதுக்கும். நான்கு வரிக் கடிதமும் 32 கேபியைப் பிடித்துக்கொள்ளும். அதனால் டிஸ்க்கைச் சிறுசிறு பகுதிகளாக வெட்டினார்கள். ஃபேட்32, என்டிஎஃப்எஸ் வந்ததும் அந்தக் கட்டாயம் போய்விட்டது.

போகாத காரணம் ஒன்று உண்டு. விண்டோஸ் அடிக்கடி கெடும், வைரஸ் ஏறும், பதிப்பு மாறும். ஒருநாள் அதை அழித்துவிட்டு மறுபடி போட வேண்டிவரும். நம் சரக்கு அதோடு சேர்ந்து இருக்கக் கூடாது.

எதை எங்கே வைப்பது என்று பிரிக்க நான் வைத்திருக்கும் அளவுகோல், போனால் திரும்பக் கிடைக்குமா என்பதுதான். குரோமும் விஎல்சி-யும் அரை மணி நேரத்தில் திரும்ப வந்துவிடும். அப்பாவின் பென்ஷன் ஆவணங்களை ஸ்கேன் செய்து வைத்த ஃபைல் வராது.

இதைத் தலைகீழாகச் செய்பவர்கள் நிறைய. சி டிரைவின் பட்டை சிவப்பாக மாறியதும் பயந்துபோய், புரோகிராம்களை எல்லாம் டி-யில் இன்ஸ்டால் செய்கிறார்கள். ஃபார்மேட் ஆனாலும் டி-யில் இருப்பவை பிழைத்துக்கொள்ளும் என்று நம்புகிறார்கள். பெரும்பாலானவை பிழைக்காது. ஒரு புரோகிராமின் ஃபோல்டர் எங்கே இருந்தாலும், அதன் பதிவுகள் சி-யில் உள்ள ரெஜிஸ்ட்ரியில் இருக்கும். அதற்குத் துணையான ஃபைல்கள் விண்டோஸ் ஃபோல்டருக்குள் கிடக்கும். சி போனதும் டி-யில் மிஞ்சுவது வெறும் ஓடு. இன்ஸ்டால் தேவைப்படாத போர்ட்டபிள் வகை மட்டும் விதிவிலக்கு. புரோகிராமை சி-யிலேயே விடுங்கள். அதை இன்ஸ்டால் செய்யும் செட்டப் ஃபைலையும், காசு கொடுத்து வாங்கியிருந்தால் லைசென்ஸ் எண்ணையும் டி-யில் வையுங்கள்.

நம் சரக்கு நமக்குத் தெரியாமலே சி-யில் பதுங்கியிருக்கும் இடங்களும் உண்டு. பிரவுசர் புக்மார்க்குகளும் தண்டர்பேர்டின் அஞ்சல்களும் ஆப்டேட்டா என்ற மறைவான ஃபோல்டரில் இருக்கும். கணக்கு எழுதும் மென்பொருள்கள் தரவை எங்கே வைக்கின்றன என்பதை அதனதன் செட்டிங்கில் போய்ப் பார்க்க வேண்டும். கடை வைத்திருப்பவர்கள் இதை இன்றே பார்ப்பது நல்லது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. அதைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், தம் ஊர் ஏரியையும் மதகுகளையும் கோயிலையும் பற்றி எழுதிய புத்தகத்தை இருபதாண்டுகளுக்கு முன் டிடிபி சென்டரில் கொடுத்துத் தட்டச்சு செய்து வாங்கினார். ஃபைல் எப்போதும் டி டிரைவில்தான் இருந்தது. எத்தனையோ ஃபார்மேட்டுகளைத் தாண்டி வந்தது. புதுக் கணினியில் திறந்தால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் நிறுத்தற்குறிகளும். ஃபைலில் ஓர் எழுத்தும் அழியவில்லை. அதைத் தமிழாகக் காட்டும் ஃபான்ட், சி-யின் விண்டோஸ் ஃபோல்டரில் இருந்து, என்றோ ஒரு ஃபார்மேட்டில் போய்விட்டது.

யூனிகோடு பரவுவதற்கு முன் ஒவ்வொரு ஃபான்ட் குடும்பமும் தனக்கென ஒரு குறியீட்டு முறை வைத்திருந்தது. பாமினியில் அடித்தது டிஸ்கியில் தெரியாது. 1999-இல் டேம், டேப் என்ற இரண்டை அரசு தரப்படுத்தியும் மற்றவை நிற்கவில்லை. விண்டோஸ் 2000-இல் லதா ஃபான்ட்டோடு யூனிகோடு தமிழ் வந்தது. ஆனாலும் அச்சகங்கள் பல்லாண்டுகள் பழைய முறையிலேயே ஓடின. அந்தக் காலத்து ஃபான்ட், பார்வைக்கு புரோகிராமின் பகுதிபோல இருக்கும். ஆனால் திரும்பக் கிடைக்காதவற்றின் பட்டியலில் அதுவும் சேரும்.

ஆசிரியரிடம் இரண்டு ஃபைல்கள் இருந்தன. ஒன்று வேர்டில், முதல் மூன்று அத்தியாயங்கள் மட்டும். வேர்டு ஃபைலைத் திறந்து ஏதாவது ஒரு வரிக்குள் கர்சரை வைத்தால், மேலே ஃபான்ட் பெட்டியில் பழைய ஃபான்ட்டின் பெயர் தெரியும். அந்த ஃபான்ட் கணினியில் இல்லாவிட்டாலும் பெயர் ஃபைலுக்குள் இருக்கிறது. பெயர் தெரிந்தால் குறியீட்டு முறை தெரியும். அதை யூனிகோடாக மாற்றித்தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மூன்று அத்தியாயங்களும் அன்றே தமிழாகின.

முழுப் புத்தகமும் இருந்தது பேஜ்மேக்கரில். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-இல். அடோபி அதை எப்போதோ கைவிட்டுவிட்டது. இன்டிசைனில் சிஎஸ்6 வரையிலான பதிப்புகள் பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்கும். அதற்குப் பின் வந்தவை திறக்காது. பழைய கணினியை இன்னும் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு கல்யாணப் பத்திரிகை அச்சகத்தில்தான் அந்தப் புத்தகம் மறுபடி கண்திறந்தது. ஆசிரியர் முதல் பக்கத்தைப் படித்தபோது பக்கத்தில் நின்றிருந்தேன். தாம் எழுதிய ஏரியின் பெயரைத் திரையில் தமிழில் பார்த்ததும் அவர் குரல் உடைந்தது. ஒரு மனிதரின் பல வருட உழைப்பு, பென் டிரைவின் ஒரு மூலையில் அடங்கிவிடும் ஃபான்ட் ஒன்றும் பழைய மென்பொருள் ஒன்றும் இல்லாததால் தொலைய இருந்தது.

சரி, சி-யில் இருக்கும் நம் ஃபோல்டர்களை டி-க்கு இடம் மாற்றுவது எப்படி? டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரின் மேல் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்டீஸ் போய், லொகேஷன் பகுதியில் மூவ் கொடுத்தால் அதை டி-க்கு நகர்த்தலாம். டெஸ்க்டாப்புக்கும் பிக்சர்ஸுக்கும் இதே வழிதான். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் டி-யில் தனித்தனி ஃபோல்டர் உருவாக்கி, அதைக் காட்டுங்கள். வெறும் டி என்று காட்டினால் முழு டிரைவும் டாக்குமென்ட்ஸாக மாறிவிடும். பிரித்தெடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

சி-க்கு எவ்வளவு கொடுப்பது என்பதை முதலிலேயே தாராளமாக முடிவு செய்யுங்கள். விண்டோஸ் 11 குறைந்தபட்சமாகக் கேட்பதே 64 ஜிபி. புரோகிராம்களோடு சேர்த்து 150 ஜிபிக்குக் குறையாமல் விடுவேன். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் சிக்கல் வரும். டி-யைச் சுருக்கினால் காலி இடம் டி-க்கு வலப்பக்கம் வந்து நிற்கும். சி-யை நீட்ட வேண்டுமானால், அதை ஒட்டிய வலப்பக்கத்தில் காலி இடம் இருக்க வேண்டும். விண்டோஸில் உள்ள டிஸ்க் மேனேஜ்மென்ட் நடுவில் நிற்கும் டி-யை நகர்த்தித் தராது.

டி-க்கு ஒரு பெயரும் வையுங்கள். விண்டோஸ் மறுபடி போடும் திரையில் சி, டி என்ற எழுத்துகளை நம்ப முடியாது. டிரைவ் 0 பார்ட்டிஷன் 3, பார்ட்டிஷன் 4 என்றுதான் வரிசை நிற்கும். டிலீட், ஃபார்மேட் பட்டன்கள் அதே திரையில். ஒரே அளவில் இரண்டு பார்ட்டிஷன் இருந்தால் கை தவற ஒரு நொடி போதும். நாம் வைத்த பெயர் அங்கே எண்ணுக்குப் பக்கத்தில் தெரியும். குடும்பப் படங்கள் என்று பொருள்படும் ஒரு பெயரைப் பார்த்தால் எந்த சர்வீஸ் பையனும் ஒரு கணம் நின்று கேட்பான்.

பார்ட்டிஷன் பிரித்துவிட்டோம், பேக்கப் ஆகிவிட்டது என்று மட்டும் நினைக்காதீர்கள். அது ஒரு வீட்டுக்குள் எழுப்பிய குறுக்குச் சுவர், கூரை ஒன்றுதான். ஹார்டு டிஸ்க் பழுதானால் சி-யும் டி-யும் சேர்ந்தே போகும். மடிக்கணினி திருடுபோனாலும் அப்படித்தான். டி-யில் உள்ளதன் முழு நகல் ஒன்று தனி எக்ஸ்டர்னல் டிஸ்க்கில், வேறொரு வீட்டில் இருக்கட்டும். டி தனியாக இருப்பதன் பெரிய வசதியே இதுதான்: எதை நகலெடுப்பது என்று தேட வேண்டாம், மொத்தமாக இழுத்துப் போடலாம்.

பழைய தமிழ் ஃபைல்கள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அவை சரியாகத் திறக்கும் கணினி இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், அடுத்த ஃபார்மேட்டுக்கு முன் ஒவ்வொன்றையும் பிடிஎஃப் ஆக்கி வையுங்கள். ஃபான்ட் அதற்குள்ளேயே பதிந்திருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு சி-யின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரைத் திறந்து, அங்கிருக்கும் பழைய தமிழ் ஃபான்ட்களை அந்த ஃபைல்கள் இருக்கும் ஃபோல்டருக்கே நகலெடுங்கள்.