இடைநின்றோர்க்கு ஒரு வாயில்

விழா மலரைக் கையில் எடுப்போர் முதற்கண் தேடுவது பெயர்களையே. வைத்தியராயினோர், சட்டத்தரணிகளாயினோர், அதிபர்களாயினோர், அரசாங்க உத்தியோகத்தில் உயர்ந்தோர் ஆகிய இவர்தம் படங்களைக் கண்டு நெஞ்சு பூரித்தல் இயல்பே. ஆயினும், கல்லூரிக் காரியாலய அலுமாரியில் இருக்கும் சேர்விடாப்பு இம்மலரினும் பெரிய நூலாகும். அதனைப் பொறுமையோடு புரட்டுவோர், பல பெயர்களுக்கு எதிரே ‘விலகினார்’ என்னும் ஒரு சொல்லை மாத்திரம் காண்பர். ஒன்பதாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பிலோ, தந்தையின் நோயாலோ வீட்டின் வறுமையாலோ புத்தகத்தை மூடி வைத்துவிட்டு மலைக்கோ கொழும்புக் கடைக்கோ போனவர் அவர். அவரும் நம் பழைய மாணவரே. அவருக்கு எவரும் மாலை சூட்டியதில்லை. விழாவுக்கு அழைப்பிதழும் பெரும்பாலும் போவதில்லை.

அவரைக் குறித்தே இக்கட்டுரையை வரைகின்றோம். இடையில் நின்ற ஒருவர், இருபத்தைந்து வயதிலோ முப்பத்தைந்து வயதிலோ, வேறொரு தொழிலை நாடி மீண்டும் கற்க விரும்புவாராயின், அவருக்கு வழி திறந்துவிடுதல் நம் கடமை. அக்கடமையை இதுகாறும் நாம் செய்திலோம் என்பதே நமது கருத்து.

இடைநிற்றலைத் தனிமனிதரின் குற்றமாகக் கொள்வோர் ஊவா மலைநாட்டின் சரித்திரத்தைச் சற்றே நினைவுகூர்தல் நன்று. தோட்டப் பிள்ளைகளுக்குப் பாடசாலை நடத்தும் பொறுப்பை 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டத்தின்மீது சுமத்தியது. ஒற்றை ஆசிரியர், ஒற்றை அறை, எழுத்தும் எண்ணும் என்பதோடு அக்கல்வி பெரும்பாலும் முடிந்தது. 1924இல் புகையிரதம் பதுளைவரை வந்தது. தேயிலை இறங்கிப் போவதற்கு வழி பிறந்தது. தோட்டத்துப் பிள்ளை ஏறிப் போவதற்கு வழி பிறக்கவில்லை. 1945இல் இலவசக் கல்வி நாடெங்கும் பரவியபோதும் தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிருவாகத்தின் கீழேயே இருந்தன. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் பின்னர் உரிமை கேட்டு நிற்கவும் இடமில்லாது போயிற்று. அப்பாடசாலைகளுள் பெரும்பாலானவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது 1970களின் பிற்பகுதியிலும் அதன் பின்னருமே. ஆகவே, இன்று ஐம்பது அறுபது வயதினராயுள்ள பலர் ஐந்தாம் வகுப்போடு நின்றமை அவரவர் சோம்பலால் அன்று. அவர்தம் மக்கள் பத்தாம் வகுப்புவரை வந்து நின்றனர். ஒவ்வொரு தலைமுறையும் முன்னைய தலைமுறை நின்ற இடத்திலிருந்து சில படிகளே ஏற முடிந்தது.

இனி, நமுனுகுலை மலைச்சாரலில் உள்ள தோட்டம் ஒன்றில் முப்பத்திரண்டு வயதினர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் தவறியது. கொழும்பில் கடைச் சிப்பந்தியாக இருந்தார். பின்பு ஒருவரோடு கூடி மின்னிணைப்பு வேலை பழகினார். 2020இல் கொள்ளைநோய் வந்தபோது கடையும் வேலையும் போய், லயத்துக்கே திரும்பினார். 2021இல் இரசாயன உரத்தடை, 2022இல் நாடு கண்ட பொருளாதார நெருக்கடி என அடுத்தடுத்து இடர் வந்தது. இன்று சில நாள் மலையில் வேலை. சில நாள் அயல்வீடுகளில் மின்கம்பி இழுக்கும் வேலை. கையில் திறமை உண்டு. அதனைச் சொல்ல ஒரு தாள் இல்லை. இத்தகையோர் பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஹாலிஎல, தெமோதரை, பண்டாரவளை, ஹப்புத்தளை எங்கணும் உளர்.

இவருக்கு நாட்டில் வழியே இல்லையோ எனின், உண்டு. சாதாரண தரப் பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எந்த வயதினரும் தோற்றலாம். 1980இல் தோன்றிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம், தொழில் புரிந்துகொண்டே கற்போருக்காக ஏற்பட்டது. அதற்குப் பதுளையிலும் நிலையம் உண்டு. பதுளைத் தொழில்நுட்பக் கல்லூரி உண்டு. தேசிய தொழிற்றகைமை என்னும் ஏழு படிகள் கொண்ட முறைமையில், முதல் நான்கு படிகள் சான்றிதழ்களாகவும், ஐந்தும் ஆறும் டிப்ளோமாக்களாகவும், ஏழாம் படி பட்டத்துக்கு நிகராகவும் அமைந்துள்ளன. அனைத்தினும் மேலாக, முன்கற்றலை அங்கீகரித்தல் என ஓர் ஏற்பாடு அம்முறைமையிலே இருக்கின்றது. தொழிலைக் கைப்பழக்கத்தால் கற்ற ஒருவர், மதிப்பீட்டாளர் முன்னிலையில் தம் திறமையைக் காட்டிச் சான்றிதழ் பெறலாம். மீண்டும் முதல் நாளிலிருந்து வகுப்பில் அமர வேண்டுவதில்லை. நாம் மேலே எண்ணிய மின்வேலைக்காரருக்கு இதனினும் பொருத்தமான வழி வேறில்லை. இவ்வாறு ஒரு வழி உண்டென்பதை அவருக்குச் சொல்வோரே இல்லை.

வழி இருந்தும் செல்வோர் குறைவாயிருப்பதற்குக் காரணங்களும் உள. முதலாவது, நாள். தோட்டத்தில் ‘பேர்’ என்பது நாட்சம்பளத்தின் பெயர். வகுப்புக்குப் போன நாளில் பேர் இல்லை. போதாக்குறைக்கு மடுல்சீமையிலிருந்து பதுளைக்குப் பஸ் கட்டணம் வேறு. பணக்காரருக்குக் கல்வி செலவு மாத்திரமே. நாட்கூலிக்காரருக்கோ அது செலவும் வருமான இழப்புமாகிய இரட்டைச் சுமை. இரண்டாவது, மொழி. விண்ணப்பப் பத்திரமும் விரிவுரையும் பல வேளைகளில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கின்றன. தமிழ்மொழி மூலம் கற்பிப்போரும் மதிப்பிடுவோரும் போதிய அளவில் இல்லை. மூன்றாவது, வீடு. லயத்துக் காம்பரா இன்றும் பல தோட்டங்களில் வேலையோடு பிணைந்ததாகவே கருதப்படுகின்றது. குடும்பத்தில் ஒருவரேனும் பெட்டு மலையில் நின்றாலன்றிக் கூரைக்கு உறுதியில்லை என்னும் அச்சம் உண்டு. பெண்களுக்கோ, கொழுந்து நிறுத்து, தண்ணீர் சுமந்து, அடுப்பு மூட்டிய பின்னரே தமக்கென ஒரு நாழிகை.

நான்காவது காரணத்தை எழுத நமக்கே நாணமாயிருக்கின்றது. அது நம்மிடத்தே உள்ளது. மேசையிலிருந்து செய்யும் தொழிலே உத்தியோகம், கையால் செய்யும் தொழில் படியாதவனுக்கு என்னும் எண்ணத்தை நாம் விட்டோமில்லை. தொழில்நுட்பக் கல்லூரி என்றால், பரீட்சையில் தவறியோர் போகுமிடம் என்று பேசுகின்றோம். ஆயுத பூசையன்று புத்தகத்தையும் உளியையும் ஒரே பீடத்தில் வைத்துக் கும்பிடுகின்றோம்; மறுநாளே இரண்டையும் வேறு வேறு சாதியாக்கி விடுகின்றோம்.

முப்பது வயதுக்கு மேல் படித்து ஆவதென்ன என்று கேட்போர் உளர். கணக்கிட்டுப் பார்ப்போம். அறுபது வயதுவரை உழைப்பவருக்கு முப்பதில் இன்னும் முப்பது ஆண்டுகள் உள. அவற்றுள் மூன்றாண்டைக் கல்விக்கு ஒதுக்கினால் எஞ்சுவது இருபத்தேழு. பத்தில் ஒரு பங்கை விதைநெல்லாக வைப்பவனை எந்த உழவனும் மூடன் என்று சொல்லான்.

எல்லாரும் படித்துவிட்டால் கொழுந்து பறிப்பது யார் என்னும் கேள்வி வேறு சிலரிடமிருந்து வருகின்றது. இக்கேள்வி நூறாண்டுக் கேள்வி. துரைமார் கேட்டனர், இன்று நம்மவரும் கேட்கின்றனர். ஒரு தொழிலில் ஆள் நிலைக்க வேண்டுமாயின் அத்தொழிலின் ஊதியமும் மதிப்பும் உயர்தல் வேண்டும். வேறு கதவுகளைச் சாத்தி ஆள் பிடித்தல் நீதியாகாது. மேலும், கற்றவர் அனைவரும் தோட்டத்தை விட்டுப் போவர் என்பதும் பொருந்தாது. தொழிற்சாலை இயந்திரத்தைப் பழுதுபார்ப்போரும், பிள்ளைமடுவத்தை நடத்துவோரும், மருத்துவத் தாதியரும் தோட்டத்துக்கே வேண்டியோர். 2005இல் தோன்றிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் தேயிலைத் தொழில்நுட்பத்தையே ஒரு பாடமாகக் கற்பிக்கின்றது. தேயிலையைத் தலைமுறை தலைமுறையாய்க் கையால் அறிந்தோர் அதனைப் படிப்பாலும் அறிதல் தகாதோ?

சான்றிதழ் பெற்றாலும் வேலை கிடைக்குமோ என்பது மூன்றாவது ஐயம். இது நேர்மையான ஐயம். எல்லாச் சான்றிதழும் சோறு போடா. ஆதலினாலேயே, எந்தப் பாடநெறி எந்த வேலைக்கு ஏதுவாகும் என்று முன்னரே எடுத்துரைக்கும் அறிவுரை இன்றியமையாதது.

முதிர்ந்தோர் மீளக் கற்றல் உலகுக்குப் புதிதன்று. டென்மார்க்கில் 1844இல் உழவர் மக்களுக்கென மக்கள் உயர்கல்லூரி எழுந்தது. அமெரிக்காவில் 1901இல் இல்லினோயில் ஜோலியற் நகரிலே தொடங்கிய இளநிலைக் கல்லூரி, பின்னர் சமுதாயக் கல்லூரிகள் பெருகுவதற்கு முன்னோடியாயிற்று. 1944ஆம் ஆண்டுச் சட்டத்தால் போர்முனையிலிருந்து மீண்ட வீரர் பெருந்தொகையினராய் வகுப்பறைகளுக்குச் சென்றனர். அவர்களை வயது கடந்தவர் என்று அந்நாடு ஒதுக்கவில்லை. வள்ளுவரும் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கேள்வியை வைத்தார். கல்லாமையோடு கதையை முடித்துவிடாமல், அதன் பின்னும் ஒரு வாயிலைத் திறந்துவைத்த அம்முறைவைப்பு நம் சிந்தனைக்குரியது.

அயலிலேயே சான்று வேண்டுவோர் மலையகப் பாடசாலைகளைப் பார்க்கலாம். குறைந்த தகைமையோடு ஆசிரியராய் நுழைந்து, பகலிற் கற்பித்து, பின்பு கொட்டகலை ஆசிரிய கலாசாலையிலும் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியிலும் பயிற்சி பெற்று, பலர் திறந்த பல்கலைக்கழகப் பட்டமும் பெற்றனர். மனைவி மக்களோடு, சம்பளக் குறைவோடு, விளக்கு வெளிச்சத்திற் படித்தவர் அவர். இன்று நாம் பெருமையோடு காட்டும் பெறுபேறுகளுக்குப் பின்னால் இவ்வாறு வயதுவந்தபின் கற்றோர் நிற்கின்றனர். ஆசிரியத் தொழிலில் இயன்றது ஏனைய தொழில்களில் இயலாதோ?

இனி, பழைய மாணவர் சங்கத்தின் முன் சில வேண்டுகோள்களை வைக்கின்றோம். சனி, ஞாயிறு பிற்பகல்களில் நான்கு வகுப்பறைகளைத் திறந்து, தமிழ், கணிதம், ஆங்கிலம், சிங்களம் ஆகியவற்றை முதிர்ந்தோருக்குக் கற்பித்தல் வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர் பலர் நம்மிடையே உளர். மின்விளக்குச் செலவன்றி வேறு பெருஞ்செலவு இல்லை. உத்தியோகத்திலுள்ள நம் அன்பர் சிலர் மாதம் ஒருமுறை அமர்ந்து, விண்ணப்பம் நிரப்பவும், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை முதலியவற்றைச் சீராக்கவும், முன்கற்றல் மதிப்பீட்டுக்கு வழிகாட்டவும் வேண்டும். இழந்த பேருக்கும் பஸ் கட்டணத்துக்கும் ஈடு செய்ய ஒரு நிதி வேண்டும். விழாவுக்கு எழுப்பும் வளைவுகளில் ஒன்றைக் குறைத்தாலும் அதற்கு அடித்தளம் இடலாம். வகுப்பு நேரத்தில் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அறை ஒதுக்குதல் வேண்டும். தமிழ்மொழி மூல மதிப்பீட்டாளரை ஊவாவுக்கு நியமிக்குமாறு சங்கத்தின் பேரால் அரசாங்கத்துக்கு ஒரு விண்ணப்பமும் செல்லுதல் வேண்டும்.

இவை பெரிய காரியங்கள் அல்ல. இவற்றால் மலைநாட்டின் துன்பம் முழுதும் நீங்கிவிடும் என்றும் நாம் கூறவில்லை. சம்பளமும் காணியும் வீடும் வேறு போராட்டங்கள். ஆயின் ஒரு கல்லூரியால் இயல்வது கல்வி. அதனைத் தக்க வயதில் பெற்றோருக்கு மாத்திரம் என்று வேலியிடுதல் கலைமகளுக்கு ஏற்புடைத்தன்று.

விஜயதசமியன்று பாலரின் விரலைப் பற்றி அரிசியில் எழுத்தை எழுதுவிக்கின்றோம். அடுத்த விஜயதசமியில், கொழுந்துக் கறை படிந்த விரல்களும் அவ்விடத்துக்கு வரட்டும். சேர்விடாப்பில் ‘விலகினார்’ என எழுதிய இடத்துக்கு அருகே ‘மீண்டும் சேர்ந்தார்’ என்று எழுத ஒரு நிரலை இவ்விழா ஆண்டிலேயே வரைந்து வைப்போமாக.